பதில்: ஆடுகிறவர் ஆசை வேறு, அவர் ஆடும் ஆளின் நோக்கம் வேறு – சொல் தேவை

> 'வீரர் விருப்பம்', 'பாத்திர உந்துதல்' என்று வைத்துக்கொள்ளலாமே?

ஆடுகிறவருக்கு நீங்கள் சொல்லும் 'வீரர்' வேண்டாம் ஐயா. கிரிக்கெட்டுக்குச் சரி. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொட்டே, ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதையாக ஆடும் இந்த வகை மேசை ஆட்டங்களில் போர்வீரர் என்பது கதைக்குள் வரும் ஒரு வேடம். மந்திரவாதியாக ஆடுகிற பெண்ணையும் 'வீரர்' என்றால் குழப்பம்தான்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். மண்டபத்தில் ஞாயிறு மாலை மொட்டைமாடியில் நான்கு பேரை வைத்து ஆட்டம் நடத்துகிறேன். போன மாதக் கதைக்களம் தனுஷ்கோடி, 1964 டிசம்பர் 22, புயல் ஊரை அழித்த இரவு. ("அதை வச்சா விளையாடுறீங்க?" என்று அப்பத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபமும் நியாயம்தான்.)

ஒரு தம்பி ஆடிய ஆள் ரயில்வே கூலி. மண்டபத்தில் தங்கச்சிக்குப் பிரசவ நேரம். இருட்டுவதற்குள் பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த ஆளுக்கு. தம்பியும் ஒழுங்காக அப்படியே ஆடினான். ரயிலேறினான், பாலம் தாண்டினான், தங்கச்சி வீட்டுத் திண்ணையில் படுத்துவிட்டான். நள்ளிரவில் கடல் ஊருக்குள் ஏறியபோது மற்ற மூவரும் இருபது முகப் பகடையை உருட்டி உருட்டி யாரையாவது கூரைமேல் ஏற்றிக்கொண்டிருக்க, இவன் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஏன்டா போனே?" என்றேன். "என் ஆள் போவான்ல அண்ணே." அவன் வந்ததே புயலுக்குள் நிற்கத்தான்.

தப்பு என்னுடையது. ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்கினேன், தம்பிக்கு என்ன ஆசை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தங்கச்சியைத் தனுஷ்கோடியிலேயே குடிவைத்திருப்பேன். ஆளின் நோக்கம் நாம் கட்டுவது, அவிழ்த்தும் கட்டலாம். ஆடுகிறவன் ஆசையை அப்படி மாற்றிக் கட்ட முடியாது. கபிலர் தலைவி கூற்றாகப் பாடினால் ஏங்குவது தலைவி, கபிலர் இல்லையே!

இந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டும். 'உந்துதல்' இரண்டுக்குமே பொருந்தித் தொலைக்கிறது, அதுதான் சிக்கல். என் பரிந்துரை: 'ஆடுவோர் வேட்கை', 'மாந்தர் நோக்கம்'. கதைமாந்தர் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். 'பாத்திரம்' என்றால் எங்கள் வீட்டில் யார் கழுவுவது என்ற பேச்சுதான் வரும். வேட்கையில் காதல் வாடை அடிக்கிறது என்றால் 'ஆடுவோர் ஆசை'யும் எனக்குச் சம்மதம். ஆளைப் பற்றி எழுதி வாங்கும் தாளில் மாந்தர் நோக்கத்துக்கு மேலே அப்படி ஒரு வரி சேர்த்தாயிற்று.

அப்புறம், ஆட்டம் நடத்துகிற என் போன்றோருக்கும் ஒரு சொல் வேண்டும். 'நடத்துநர்' என்று சொன்னால் டிக்கெட் கேட்கிறார்கள்.