பழைய வீட்டோடு வந்த தோட்டமும் பெயர் தெரியாத செடிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

மஞ்சக்குப்பத்தான்:
போன வருஷம் வாங்கிய பழைய வீடு. பின்பக்கம் கிணற்றை ஒட்டி ஒரு பெரிய புதர்க்கொடி. "காட்டுக்கொடி சார், வெட்டிடலாம்" என்றார் சுத்தம் செய்ய வந்தவர். காலையில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் பலாச்சுளை வாசனை. வீட்டில் பழமே இல்லை. இலைகளை விலக்கித் தேடினால், உள்ளே ஒரே ஒரு பூ, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. அதன் காம்பு கொக்கியாக வளைந்து பக்கத்துக் கிளையைப் பிடித்திருந்தது. மனோரஞ்சிதம்! பச்சையாக இருந்தவரை இலையோடு இலையாக மறைந்திருக்கிறது. யாரோ ஆசையாக வளர்த்த கொடி, அரை மணி நேரத்தில் போயிருக்கும். இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது.

லாஸ்பேட்டை அக்கா:
எங்களுக்குச் செங்காந்தள். சித்திரை வெயிலில் குடிவந்தோம், மதில் ஓரம் வெறும் மண்தான். மழை பெய்ததும் ஒரு முளை. வளர வளர ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு கம்பிவேலியைப் பற்றிக்கொண்டது. அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். கார்த்திகையில் பூத்தது, மஞ்சளும் பச்சையுமாக விரிந்து சிவப்பாகிறது. அப்புறம் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது. அந்தச் சமயத்தில் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும்.

கூத்தப்பாக்கம் அப்பா:
அக்கா, செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர்தான், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிழங்கு விஷம். விதையும் விஷம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. சிறுபிள்ளை இருக்கும் வீட்டில் "பிடுங்காதீர்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. நாங்கள் வாங்கிய மனையில் வேலியோரம் மஞ்சள் அரளி. என் மகள் அதன் பச்சைக் காயைக் கையில் உருட்டிக்கொண்டு வந்தாள். விரல் இடுக்கில் வெள்ளைப் பால். காயில் பல் பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் கை நடுங்கியது. படவில்லை. ஆனால் அந்தக் கொட்டை இதயத்துடிப்பையே குலைத்துவிடும். மறுநாளே மரத்தை எடுத்துவிட்டோம். வெட்டியதை எரிக்கவும் இல்லை.

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி, என் பேரனும் இங்கேதான் ஓடியாடுகிறான். கொடியைச் சுற்றி வலை அடித்திருக்கிறேன், காய் முற்றும் முன்பே பறித்துவிடுகிறேன். மஞ்சள் அரளிக்கு நீங்கள் செய்தது சரி. அதற்காக எல்லாவற்றையும் பிடுங்க முடியுமா?

செடிப்பித்தன், புதுச்சேரி:
இருவருக்கும் நடுவில் நுழைகிறேன். எனக்கு நேர்ந்தது ஒரு வரிதான்: திருகுகள்ளியை ஒடித்தபோது பால் கண்ணில் தெறித்தது, மூன்று நாள் பார்வை மங்கிக் கிடந்தது. அதனால் சொல்கிறேன். பெயர் தெரியாத செடியை ஒடிக்குமுன் கையுறை, கண்ணாடி. பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

அப்புறம், போனில் இலையை மட்டும் படம் எடுத்து, அது காட்டும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். இலை எதிரெதிரே வருகிறதா, மாறிமாறி வருகிறதா, இலையின் அடிப்பக்கம், பூ, காய், பட்டை எல்லாம் வேண்டும். இங்கே புதுச்சேரியிலேயே 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. மரங்களை நேரில் பார்த்து ஒப்பிட அதைவிட நல்ல இடம் எது? விஷமில்லை என்று தெரிந்த செடிகளை ஒரு மழைக்காலம், ஒரு கோடை முழுக்க விட்டுப் பாருங்கள். கடலோர மணலில் தண்ணீர் நிற்காது, சருகை அள்ளி எரிக்காமல் வேரடியில் பரப்புங்கள், சருகு தண்டை மட்டும் ஒட்டிக் கிடக்கக் கூடாது. பெரிய மரங்களின் காய்ந்த கிளைகளை ஐப்பசிக்கு முன்பே கழித்துவிடுங்கள். 2011 டிசம்பர் தானே புயலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூத்தப்பாக்கம் அப்பா:
எல்லாம் சரி சார், விஷமில்லை என்று தெரிவதற்குத்தானே பெயர் தெரிய வேண்டும்? அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். முதல் வேலை அது.

மஞ்சக்குப்பத்தான்:
இதை ஏற்கிறேன். கிணற்றடியில் இன்னும் பெயர் தெரியாத இரண்டு செடி இருக்கிறது. இன்றைக்கே தடுப்புக் கட்டுகிறேன், பூத்ததும் படம் போடுகிறேன்.