சோழவந்தான் வீடு 🏡 (குழு)

வியாழன், 14 ஜனவரி 2016

பெரியப்பா: அனைவருக்கும் போகித் திருநாள் வாழ்த்துகள். காணும் பொங்கலன்று வழக்கம்போல் நம் வீட்டு வாசலில் கோலப் போட்டி. ஞாயிறு காலை 7 மணி. நடுவர்கள்: நான், சோமு மைத்துனர், ராமு, ரவி. பரிசு வெள்ளிக் கிண்ணம். பெயர் கொடுப்பவர்கள் இன்று இரவுக்குள் கொடுக்கவும்.

வித்யா அண்ணி: நான் 👍

கோமதி அத்தை: [பூ படம்]

செல்வி சித்தி: நடுவர்கள் போன வருடம் இருந்த அதே நான்கு பேரா?

பெரியப்பா: ஆம்.

செல்வி சித்தி: சரி

மதன்: ஆஸ்கர் நாமினேஷன் வந்துவிட்டது!!! ரெவனன்ட் 12, மேட் மேக்ஸ் 10, மார்ஷன் 7. சிறந்த படத்துக்கு 8 படங்கள். ரிட்லி ஸ்காட் இயக்குநர் பட்டியலில் இல்லை, அநியாயம்

கோமதி அத்தை: யாருக்கு ரிசல்ட் வந்தது?

கார்த்தி அண்ணன்: லியோ டிகாப்ரியோவுக்கு இந்த முறையாவது கிடைக்குமா

மதன்: கிடைக்கும். எழுதித் தருகிறேன். நடிப்புக்கு இது ஐந்தாவது நாமினேஷன், இதுவரை ஒன்றுகூட வாங்கவில்லை. போன ஞாயிறு கோல்டன் குளோப் விருது வாங்கிவிட்டார். ரெவனன்டில் பச்சை ஈரலைக் கடித்துத் தின்றிருக்கிறார். கரடி கிழிக்கும் காட்சி ஒன்று போதும்.

கோமதி அத்தை: ஐயோ நிஜக் கரடியா

மதன்: கிராபிக்ஸ் அத்தை

கார்த்தி அண்ணன்: டேய், படம் இந்தியாவுக்கு இன்னும் வரவே இல்லையே. நீ எங்கே பார்த்தாய்?

மதன்: அண்ணா அதை விடுங்கள்

அனு: ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுபவர்களுக்கு அனுப்பும் டிவிடி போன மாதம் நெட்டில் கசிந்தது. பென்டிரைவில் வைத்திருக்கிறான்.

மதன்: அனு 😡

தீபா அக்கா: இங்கே டல்லாஸில் காலையிலிருந்து டிவியில் இதே பேச்சுதான். லியோ இல்லை, வேறு. நடிப்புக்கு மொத்தம் 20 பேர், 20 பேரும் வெள்ளையர். போன வருடமும் அப்படியே.

அனு: ஆஸ்கர்ஸ் சோ வைட் (ஆஸ்கர் இவ்வளவு வெள்ளையா) ஹேஷ்டேக் மறுபடி ஓடுகிறது. ஏப்ரல் ரெய்ன் என்பவர் போன ஜனவரியில் ஆரம்பித்தது. அவருக்கு இந்த வருடமும் வேலை வைத்துவிட்டார்கள்

ரவி சித்தப்பா: நன்றாக நடித்தால் கொடுப்பார்கள். நிறத்தையா பார்ப்பார்கள்?

அனு: சித்தப்பா, கிரீட் என்று ஒரு படம். இயக்குநர் ரயன் கூக்லர் கறுப்பர். ஹீரோ மைக்கேல் பி. ஜோர்டன் கறுப்பர். அந்தப் படத்துக்கு மொத்தமே ஒரு நாமினேஷன். யாருக்குத் தெரியுமா? ஸ்டாலோனுக்கு.

ரவி சித்தப்பா: ராக்கி ஸ்டாலோனா? தாராளமாகக் கொடுக்கலாம். நானும் உங்கள் அப்பாவும் பார்த்த படம் அது

தீபா அக்கா: சித்தப்பா, கோல்டன் குளோப் மேடையில் ஸ்டாலோன் கூக்லருக்கும் ஜோர்டனுக்கும் நன்றி சொல்லவே மறந்துவிட்டார்

அனு: ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன் கறுப்பின ராப் பாடகர்களின் கதை. நாமினேஷன் திரைக்கதைக்கு மட்டும். எழுதியவர்கள் வெள்ளையர். கறுப்பின நடிகர்களில் இட்ரிஸ் எல்பா பட்டியலில் இல்லை. வில் ஸ்மித் இல்லை

ரவி சித்தப்பா: ஏழாம் தேதி ஜல்லிக்கட்டுக்கு அனுமதி என்றார்கள். பன்னிரண்டாம் தேதி சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. அலங்காநல்லூர் இங்கே கூப்பிடு தூரம். அதைப் பற்றி இந்தக் குழுவில் ஒரு வார்த்தை இல்லை, ஹாலிவுட்டுக்காக அழுகிறீர்கள்

பெரியப்பா: சோமு மைத்துனர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காளைக்கு எவ்வளவு பருத்திக்கொட்டை போட்டார் என்று ஊருக்கே தெரியும்.

கார்த்தி அண்ணன்: வாடிவாசலில் செடி முளைத்துவிடும்போல

கோமதி அத்தை: நான் நாளை மறுநாள் நெல்லையிலிருந்து வருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மாட்டுத்தாவணி. யார் வண்டி கொண்டு வருவீர்கள்?

மதன்: நாமினேஷன் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் பேசுகிறோம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியில் ஆறாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். தொழில்வாரியாகக் கிளைகள் உண்டு. நடிகர் கிளைதான் பெரியது. நடிகர்களை நடிகர்கள்தான் பரிந்துரைக்க வேண்டும், ஒளிப்பதிவை ஒளிப்பதிவாளர்கள், இப்படியே. ஒவ்வொருவரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். ஐந்து இடம் என்றால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கினால் உள்ளே வந்துவிடலாம். அதனால் நிறைய பேருக்குக் கொஞ்சம் பிடித்தவரைவிடக் கொஞ்சம் பேருக்கு ரொம்பப் பிடித்தவர் நுழைவது சுலபம். இறுதிச் சுற்றில் மட்டும் எல்லோரும் எல்லாப் பிரிவுக்கும் ஓட்டுப் போடலாம். சிறந்த படத்துக்கு அங்கேயும் வரிசை முறைதான். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசிப் படத்தை நீக்கி, அந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள்

கார்த்தி அண்ணன்: சுருக்கமாம்

வித்யா அண்ணி: 😂

செல்வி சித்தி: அந்த ஆறாயிரம் பேர் யார் மதன்?

மதன்: பட்டியலை வெளியிட மாட்டார்கள் சித்தி. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2012இல் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தது. 94 சதவீதம் வெள்ளையர். 77 சதவீதம் ஆண்கள். பாதிப் பேர் 62 வயதுக்கு மேல். ஒருமுறை உறுப்பினர் ஆனால் சாகும்வரை ஓட்டு உண்டு, இப்போது படத்தில் வேலை செய்யாவிட்டாலும்

செல்வி சித்தி: 62 வயது ஆண்கள்

செல்வி சித்தி: 🙂

கார்த்தி அண்ணன்: சித்தி வேண்டாம்

செல்வி சித்தி: நான் ஒன்றும் சொல்லவில்லையே

அனு: நான் சொல்கிறேன். நம் கோலப் போட்டிக்கு நான்கு நடுவர்கள். நான்கும் ஆண்கள். ஒருநாளாவது வாசலில் புள்ளி வைத்தவர் ஒருவரும் இல்லை. ஆஸ்கரிலாவது நடிகர்தான் நடிகரைப் பரிந்துரைக்கிறார்

அனு: எங்கள் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்

பெரியப்பா: இது வீட்டு விளையாட்டு. இதில் போய் அரசியல் எதற்கு?

செல்வி சித்தி: அந்த வெள்ளிக் கிண்ணம் பெரிய வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து, மறுபடி பெரிய வீட்டு அலமாரிக்கே போகிறது. விளையாட்டுதான் பெரிய மாமா

வித்யா அண்ணி: நடுவர்கள் சொந்தம் என்பதால் நான் ஜெயித்தேன் என்கிறீர்களா சித்தி?

செல்வி சித்தி: உன் கோலம் அழகுதான் வித்யா, அதில் சந்தேகமே இல்லை. போன வருடம் நான் சிக்குக் கோலம் போட்டேன். ஒரே இழை, எங்கும் கை எடுக்கவில்லை. “கலர் பத்தாது” என்று மார்க் குறைத்தார்கள். சிக்குக் கோலத்துக்கு ஏது கலர்? தெரிந்த ஒருவர் அங்கே நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

ரவி சித்தப்பா: அதைச் சொன்னது நான் இல்லை. சோமு மாமா

செல்வி சித்தி: நீங்களும் தலையாட்டினீர்கள்

ரவி சித்தப்பா: மனைவிக்கு மார்க் போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்

தீபா அக்கா: நான் அப்பா பக்கம் பேசவில்லை. ஆனால் அகாடமி தலைவரே கறுப்பினப் பெண்தான், ஷெரில் பூன் ஐசக்ஸ். இன்று பட்டியலை வாசித்தது அவர், மெக்ஸிகோ கியர்மோ டெல் டோரோ, தைவானில் பிறந்த ஆங் லீ, ஜான் க்ராசின்ஸ்கி. நான்கு பேரில் ஒருவர்தான் வெள்ளை அமெரிக்கர்.

ரவி சித்தப்பா: பிறகென்ன. தலைவரே அவர்கள் ஆள். பாரபட்சம் எங்கே வந்தது?

அனு: தலைவர் ஒருவர் சித்தப்பா. ஓட்டு ஆறாயிரம். மேடையில் வாசிக்க எல்லா நிறத்திலும் ஆள் இருக்கிறார்கள், வாசித்த பெயர்களில் இல்லை

தீபா அக்கா: அதுவும் சரிதான். 1940இல் ஹாட்டி மெக்டானியல் துணை நடிகை விருது வாங்கினார், ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பர். விழா நடந்த ஹோட்டலில் கறுப்பர்களை அனுமதிப்பதில்லை. சொல்லிக் கேட்டு உள்ளே விட்டு, படக்குழுவோடு சேர்க்காமல் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். சிறந்த நடிகை விருது ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்க 2002 ஆயிற்று. ஹாலி பெர்ரி. அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் இல்லை.

கோமதி அத்தை: பரிசையும் கொடுத்துவிட்டுத் தனிப் பந்தியா. என்ன மனிதர்கள்

கோமதி அத்தை: என் கல்யாணத்திலும் அவர் வீட்டு ஆட்களை இரண்டாம் பந்தியில்தான் உட்கார வைத்தீர்கள். மாப்பிள்ளை வீடு

பெரியப்பா: கோமதி, அது 1984. சாதம் வேகத் தாமதமாகிவிட்டது. எத்தனை முறை சொல்வது?

கோமதி அத்தை: சொன்னேன் அவ்வளவுதான். மாட்டுத்தாவணிக்கு யார் வருகிறீர்கள்?

பெரியப்பா: [குரல் செய்தி 2:41]

கார்த்தி அண்ணன்: அப்பா, அதில் மாடு கத்துவது மட்டும்தான் கேட்கிறது

வெள்ளி, 15 ஜனவரி 2016

பெரியப்பா: [பொங்கல் பானை படம்] பொங்கலோ பொங்கல்!

கோமதி அத்தை: பொங்கலோ பொங்கல் 🙏

வித்யா அண்ணி: பொங்கலோ பொங்கல்

செல்வி சித்தி: பொங்கலோ பொங்கல். முடிச்சூரில் வெள்ளம் வடிந்து புது அடுப்பில் முதல் பொங்கல். விசாரித்தவர்களுக்கு நன்றி. விசாரிக்காதவர்களுக்கும் வாழ்த்துகள்.

கார்த்தி அண்ணன்: சித்தி அப்போது டவர் இல்லை, நான்கு நாள் லைனே கிடைக்கவில்லை

செல்வி சித்தி: உன்னைச் சொல்லவில்லைப்பா

மதன்: சரி, வருடாவருடம் வைக்கும் பந்தயம். தலைக்கு 100 ரூபாய். சிறந்த படம், நடிகர், துணை நடிகர், மூன்றுக்கும் பெயர் எழுதுங்கள். விழா பிப்ரவரி 28, நமக்குத் திங்கள் விடியற்காலை. என்னுடையது ரெவனன்ட், லியோ, ஸ்டாலோன்

ரவி சித்தப்பா: ஸ்டாலோன், ஸ்டாலோன், ஸ்டாலோன்

அனு: மேட் மேக்ஸ், லியோ, மார்க் ரைலன்ஸ். பாலைவனத்தில் லாரி ஓட்டும் பெண்கள் ஜெயிக்க வேண்டும்

மதன்: கார் சேஸ் படத்துக்குச் சிறந்த பட விருது தர மாட்டார்கள். டெக்னிக்கல் எல்லாம் அள்ளும், அவ்வளவுதான்

தீபா அக்கா: ஸ்பாட்லைட், லியோ, ஸ்டாலோன். மதன் சொன்ன அதே வரிசைக் கணக்குதான். ரெவனன்டை விரும்புகிறவர்கள் முதலிடம் போடுவார்கள், மற்றவர்கள் கடைசியில் தள்ளுவார்கள். ஸ்பாட்லைட்டை யாரும் வெறுக்கவில்லை. இரண்டும் மூன்றுமாகவே சேர்த்து மேலே வந்துவிடும்.

மதன்: அக்கா அது பத்திரிகை ஆபீஸ் படம், நாலு பேர் மேசையில் உட்கார்ந்து போன் பேசுகிறார்கள்

கோமதி அத்தை: நான் கரடி

மதன்: கரடி நாமினேஷனில் இல்லை அத்தை

கோமதி அத்தை: பின்னே எதற்கு அதைப் பற்றி அவ்வளவு பேசினாய்

செல்வி சித்தி: இசைக்கு ஒரு பெரியவர் பெயர் பார்த்தேனே, 87 வயது. அவர் பேரில் 100 ரூபாய்

மதன்: எனியோ மோரிகோனி. இசை பந்தயத்திலேயே இல்லை சித்தி

செல்வி சித்தி: எனக்கு வேண்டியது எப்போது பட்டியலில் இருந்திருக்கிறது

அனு: 😂😂😂

கார்த்தி அண்ணன்: இந்தியா சார்பில் எது போனது?

மதன்: கோர்ட். மராத்தி. அயல்மொழிப் படத்துக்கான ஒன்பது பேர் குறும்பட்டியலிலேயே வரவில்லை. இதுவரை இந்தியப் படம் கடைசி ஐந்துக்குள் போனது மூன்றே முறை: மதர் இந்தியா, சலாம் பாம்பே, லகான்.

ரவி சித்தப்பா: காக்கா முட்டையை அனுப்பியிருக்க வேண்டும்

கார்த்தி அண்ணன்: நான் ரஜினி முருகனையே அனுப்புவேன். மதுரைக்கார படம். ஞாயிறு மேட்னிக்கு எத்தனை டிக்கெட்?

வித்யா அண்ணி: எனக்கு வேண்டாம். கோலப் போட்டிக்கும் நான் பெயர் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்

கார்த்தி அண்ணன்: பாருங்கள். ஆரம்பித்துவிட்டது

செல்வி சித்தி: வித்யா அப்படிச் செய்யாதே. நீ இல்லாமல் நான் ஜெயித்தால் அதற்கு என்ன மதிப்பு?

பெரியப்பா: சரி. ஒரு பெண் நடுவரைச் சேர்க்கிறேன். உங்கள் பெரியம்மா.

அனு: பெரியப்பா, பெரியம்மா உங்கள் வீடு

கோமதி அத்தை: நான் இருக்கிறேனே பெரியண்ணா

ரவி சித்தப்பா: நீ போட்டியில் இருக்கிறாயே

அனு: எதிர்வீட்டு டீச்சர் அம்மாவைக் கூப்பிடுங்கள். மார்கழி முழுக்கத் தெருவே அவர் வாசலைத்தான் நின்று பார்க்கிறது. இரண்டு பேர் விலகி, டீச்சர் அம்மாவும் மேலத்தெருப் பூக்கார அம்மாவும் வரட்டும்

பெரியப்பா: விலகுவது யார்?

ரவி சித்தப்பா: சோமு மாமா. ஏற்கெனவே மனது சரியில்லை

பெரியப்பா: ஜல்லிக்கட்டும் இல்லை, கோலமும் இல்லை என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? யோசித்து நாளை சொல்கிறேன்.

சனி, 16 ஜனவரி 2016

செல்வி சித்தி: நாங்கள் தாம்பரம் தாண்டிவிட்டோம். பெரிய மாமா, நடுவர் பட்டியல்?

செல்வி சித்தி: நீல டிக் வந்துவிட்டது

கார்த்தி அண்ணன்: அப்பா மாட்டைக் குளிப்பாட்டுகிறார் சித்தி

தீபா அக்கா: டீச்சர் அம்மாவிடம் அப்பா பேசினார் என்று அம்மா சொன்னாள். அவர் வருவதாகச் சொன்னாரா, பார்க்கலாம் என்றாரா என்று அம்மாவுக்கு ஞாபகம் இல்லை

வித்யா அண்ணி: சிக்குக் கோலத்துக்குத் தனிப் பரிசு வைக்கலாமே

அனு: அண்ணி 👏

செல்வி சித்தி: தனிப் பரிசா, தனி மேசையா?

வித்யா அண்ணி: சித்தி!!

பெரியப்பா: இரண்டாம் பரிசுக்கு வீட்டில் வேறு வெள்ளிச் சாமான் இல்லை. எவர்சில்வர் தூக்கு இருக்கிறது.

மதன்: பந்தயத்துக்கு இன்னும் மூன்று பேர் பணம் தரவில்லை

கோமதி அத்தை: மாட்டுத்தாவணியில் இறங்கி அரை மணி நேரம் ஆகிறது. யாரையும் காணோம்