கரையை உள்ளே தள்ளி அமைப்பதற்கு ஒரு சொல்: ‘உட்கரையமைப்பு’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உள்நிலத்தில் புதிய கரையை எழுப்பிவிட்டு, கடலோரத்தில் உள்ள பழைய காப்பைத் திறந்து கடலை உள்ளே விடும் முறையை ஆங்கிலத்தில் ‘மேனேஜ்டு ரீஅலைன்மென்ட்’ என்கிறார்கள். அதற்கு முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘திட்டமிட்ட பின்வாங்கல்’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. செய்யப்படும் பணியில் பாதியை அது மறைத்துவிடுகிறது.

இங்கிலாந்தின் மேற்கு சசெக்சில், செல்சியை அடுத்த மெட்மெரியில் கடலுக்கும் தாழ்நிலத்துக்கும் நடுவே ஒரு பரல்மேடுதான் காவலாக இருந்தது. ‘ஷிங்கிள்’ என்பதைப் பரல் என்றே எழுதுகிறேன். அலை உருட்டித் தேய்த்த கல்லுக்குச் சரளை என்ற சொல் பொருந்தாது. பரல்மேடு அலைநீரைத் தன் இடுக்குகளில் வாங்கி அதன் வேகத்தைத் தணிக்கும். பெரும்புயலில் கற்கள் முகட்டைத் தாண்டி உட்புறச் சரிவில் விழுவதால், மேடு முழுவதும் சிறிது சிறிதாக நிலப்பக்கம் நகரவும் செய்யும். அந்த நகர்வை அனுமதிக்காமல், குளிர்காலந்தோறும் புல்டோசரால் கற்களை வாரி முகட்டிலேயே குவித்துவந்தார்கள். அப்படியும் 2008 மார்ச் மாதப் புயலில் மேடு உடைந்து கடல்நீர் உள்ளே புகுந்தது.

அதன்பின் உள்நிலத்தில், சில இடங்களில் 2 கி.மீ. வரை தள்ளி, ஏறத்தாழ 7 கி.மீ. நீளத்துக்குப் புதிய மண்கரையை எழுப்பினார்கள். அது எழுந்த பின்னரே, 2013 செப்டம்பரில், பழைய பரல்மேட்டைத் தாங்களே வெட்டிக் கடலை உள்ளே விட்டார்கள். இடைப்பட்ட நிலம் ஓதம் ஏறி இறங்கும் உவர்ச்சதுப்பாக மாறிவருகிறது. அச்சதுப்பே அலையைத் தணித்துப் புதிய கரையைக் காக்கும்.

ஆகவே ‘உட்கரையமைப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கரை கைவிடப்படவில்லை, உள்ளே அமைக்கப்படுகிறது என்பதை இச்சொல் நேராகச் சொல்கிறது. தம் வீட்டையும் வயலையும் எண்ணி அஞ்சும் கரையோர மக்களிடம் ‘பின்வாங்கல்’ என்று சொன்னால், அவர்கள் தங்களைக் கடலுக்கு விட்டுவிட்டதாகவே புரிந்துகொள்வார்கள். அந்தப் பொருள் உண்மையில் உரியது, எதுவும் செய்யாமல் விடும் கொள்கைக்கு. அதற்குத் ‘தலையிடாமை’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். இருக்கும் கரையிலேயே நின்று காப்பதைக் ‘கரைநிலைப்பு’ என்றும், கடல்பக்கம் முன்னேறிக் கட்டுவதை ‘முன்கரையமைப்பு’ என்றும் கொண்டால், இங்கிலாந்தின் கடற்கரை மேலாண்மைத் திட்டங்களில் உள்ள நான்கு கொள்கைகளும் தம்முள் குழம்பாமல் நிற்கும்.

இன்னொரு வேறுபாட்டையும் காக்க வேண்டும். ஏரிக்கரை தானாக உடைப்பெடுப்பதை நாம் ‘உடைப்பு’ என்கிறோம்; 2008இல் மெட்மெரியில் நேர்ந்தது அதுவே. 2013இல் வேண்டுமென்றே வெட்டியதையும் ஆங்கிலத்தில் ‘பிரீச்’ என்ற அதே சொல்லால் குறிக்கிறார்கள். தமிழில் அதற்குக் ‘கரைதிறப்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.