பிராசிகியூட்டர் ஆபீஸ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

காசுமாலை:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம், இங்கே அமெரிக்காவில் நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த மூன்று மணி நேரத்தில் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டான். டிவி, லேப்டாப் எதையும் தொடவில்லை. நேராக மாடி, படுக்கையறை, அலமாரி. மனைவியின் வளையல் நான்கு ஜோடி, ஜிமிக்கி, அப்புறம் என் பாட்டி கொடுத்த காசுமாலை, எல்லாம் போச்சு. இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறார்கள் என்று வந்த போலீஸ்காரரே சொன்னார்.

இரண்டு மாதத்தில் ஒருவன் மாட்டினான். அடகுக் கடையில் ஒரு ஜோடி வளையலை விற்றிருக்கிறான், கடை கேமராவில் முகம் பளிச்சென்று இருக்கிறது. சரி, இனி கவலையில்லை என்று நினைத்தோம். அப்புறம் எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. கோர்ட் தேதி நான்கு தடவை தள்ளிப்போனது, அதில் இரண்டு தடவை நான் லீவு போட்டுப் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இப்போது எங்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிராசிகியூட்டர் ஆபீஸிலிருந்து, அதாவது அரசுத் தரப்பில் வழக்கு நடத்துகிற வக்கீல்கள் ஆபீஸிலிருந்து, ஒரு கடிதம். வீடு புகுந்து திருடினான் என்ற வழக்கை வெறும் திருட்டு என்று குறைத்து, புரொபேஷனும் (ஜெயிலுக்குப் பதில் கண்காணிப்பில் வெளியே இருப்பது) நஷ்டஈடும் போதும் என்று அவன் வக்கீலோடு பேசியிருக்கிறார்களாம்.

அதே ஆபீஸின் வெப்சைட்டைப் பார்த்தால் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் தண்டனை வாங்கித் தருகிறோம் என்று முதல் பக்கத்திலேயே பெருமை. வருகிற நவம்பரில் அந்தப் பதவிக்குத் தேர்தல், குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு முதல் ஓட்டு. இந்த ஆபீஸ் நல்ல ஆபீஸா, மட்டமான ஆபீஸா என்று ஒரு சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது? (கேஸ் முடியவில்லை, அதனால் கவுண்டி பெயர் வேண்டாம்.)

துபாஷி:

தம்பி, முதலில் நகை போனதற்கு வருத்தம். நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போகிறவள், வக்கீல் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு கோர்ட் அறைக்குள் போனால், ஓரமாக ஒரு இளம் அரசு வக்கீல் நிற்பார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. முன்னால் தள்ளுவண்டி நிறைய ஃபைல். ஜட்ஜ் ஒரு பெயரைக் கூப்பிட்டதும் ஃபைலை உருவுவார், ஒரு நிமிடம் புரட்டுவார், லேப் ரிப்போர்ட் வரவில்லை, இன்னொரு தேதி கொடுங்கள் என்பார். அவ்வளவுதான், அடுத்த பெயர். ஒரு நாள் நான் உட்கார்ந்து எண்ணினேன், மதியச் சாப்பாட்டுக்குள் ஐம்பதைத் தாண்டியது. உங்கள் தேதி நான்கு தடவை தள்ளிப்போனது இப்படித்தான் இருக்கும். ஆனால் தள்ளிப்போனதை உங்களிடம் சொல்லாமல் விட்டதற்கு வேலைப்பளு சாக்கே கிடையாது, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்வதற்கென்றே அந்த ஆபீஸில் ஆள் உண்டு.

இப்போது உங்கள் கேஸ். அவன் வளையலை விற்றான் என்பதற்கு வீடியோ இருக்கிறது. உங்கள் கதவை உடைத்து உள்ளே வந்தது அவன்தான் என்பதற்கு என்ன இருக்கிறது? கைரேகை, பக்கத்து வீட்டு கேமரா, ஏதாவது? இல்லையென்றால் அவன் வக்கீல் ஜூரியிடம் ஒரே வரியில் முடித்துவிடுவார்: யாரோ கொடுத்தார்கள், விற்றான். அதைவிட முக்கியமான ஒன்று, இந்த வழக்குகளில் சட்டப்பிரிவின் பெயரே தண்டனையைத் தீர்மானித்துவிடும். உதாரணத்துக்கு இல்லினாயில் குடியிருக்கும் வீட்டில் புகுந்து திருடினால் 4 முதல் 15 வருடம், போதைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கான விதிவிலக்கு தவிர புரொபேஷன் கொடுக்க ஜட்ஜுக்கே அதிகாரம் இல்லை. அதனால்தான் பேரம் முழுக்கப் பிரிவின் பெயரில் நடக்கிறது. எதை சார்ஜ் செய்வது, எதை விடுவது, எதற்குக் குறைப்பது என்ற மூன்றும் அரசு வக்கீல் கையில். ஜட்ஜ் முன்னால் வருவதற்குள் பாதி முடிந்துவிடும். நம் ஊரில் குற்றப்பத்திரிகை போடுவது போலீஸ் என்பதால் நமக்கு இது பிடிபடவே நாளாகிறது.

மிளகாய்ப்பொடி:

அக்கா நன்றாகத்தான் சொல்கிறார், ஆனால் இவ்வளவு பரிவு எதற்கு? இவர்கள் ஓட்டு கேட்டு வருகிற அரசியல்வாதிகள். தேர்தல் வருடம் வந்தால் டிவி கேமரா முன்னால் கத்துவார்கள், மற்ற மூன்று வருடம் தள்ளுவண்டி. நானாக இருந்தால் எதிர்த்து நிற்பவருக்குப் போட்டுவிடுவேன், அதுவும் எதிர்த்து யாராவது நின்றால். பல கவுண்டிகளில் அதற்கே ஆள் கிடையாது.

கணக்குப்பிள்ளை:

அந்தத் தொண்ணூற்றுச் சொச்சத்தை முதலில் தூக்கி எறியுங்கள். மாநில கோர்ட்டுகளில் குற்றவாளி என்று முடிகிற வழக்குகளில் சுமார் 94 சதவீதம், ஆள் தானே ஒப்புக்கொண்டு முடிவது, 2012இல் உச்ச நீதிமன்றமே மிஸோரி எதிர் ஃப்ரை தீர்ப்பில் இந்த எண்ணைச் சொன்னது. உங்கள் ஆள் கையெழுத்துப் போட்டால் அதுவும் அந்த ஆபீஸ் கணக்கில் ஒரு வெற்றி. ஆரம்பத்திலேயே சார்ஜ் செய்யாமல் விட்ட கேஸ், சதவீதம் போடுகிற மொத்தக் கணக்கிலேயே வராது. ஆகவே ஜெயிக்கிற கேஸை மட்டும் எடுத்துக்கொள்கிற சோம்பேறி ஆபீஸுக்கும் நூற்றுக்கு நூறு கிடைக்கும்.

இன்னும் மோசமான உதாரணம் குக் கவுண்டி, அதாவது சிகாகோ. அங்கே ரொனால்ட் வாட்ஸ் என்று ஒரு போலீஸ் சார்ஜென்ட், அரசுக் குடியிருப்பில் இருந்தவர்களிடம் மாமூல் கேட்டு, கொடுக்காதவர்கள் மேல் போதைப்பொருள் வழக்கு ஜோடித்தார். 2017 நவம்பரில் ஒரே நாளில் 15 பேரின் தண்டனையை ரத்து செய்தார்கள், பிறகு அது 200 வழக்குகளைத் தாண்டியது. இவர்களில் நிறையப் பேர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள், ஏனென்றால் விசாரணைக்குப் போனால் இன்னும் பல வருடம் உள்ளே. தண்டனை வாங்கிய வருடத்துக் கணக்கில் இவை அத்தனையும் வெற்றி.

அதே கவுண்டியில் இன்னொன்று. கடைத் திருட்டு 300 டாலரைத் தாண்டினால் பெரிய குற்றம் என்பது மாநிலச் சட்டம். 2016 டிசம்பரில் அங்கே தலைமை அரசு வக்கீல் பதவிக்கு வந்த கிம் ஃபாக்ஸ், 1,000 டாலருக்குக் கீழே அப்படி சார்ஜ் செய்ய மாட்டோம் என்றார். 2024 டிசம்பரில் வந்த ஐலீன் ஓநீல் பர்க் அதைத் திரும்ப 300க்கே கொண்டுவந்தார். சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை, கடையில் திருடியவனும் மாறவில்லை, ஆபீஸில் உட்கார்ந்த ஆள் மாறியதால் எண்ணிக்கை மாறும். பர்க் தன் கட்சி உட்தேர்தலில் ஜெயித்தது சுமார் 1,500 ஓட்டு வித்தியாசத்தில், ஐம்பது லட்சம் பேர் வாழும் கவுண்டியில்! ஃபாக்ஸ் செய்ததில் எனக்குப் பிடிக்காததும் உண்டு, தன்னைத் தாக்கினார்கள் என்று பொய்ப் புகார் கொடுத்ததாக நடிகர் ஜஸ்ஸி ஸ்மாலெட் மேல் போட்ட கேஸை 2019இல் அவர் ஆபீஸ் சடாரென்று கைவிட்ட விதம் அசிங்கம். ஆனால் 2018இல் வழக்கு வாரியாகத் தரவை எடுத்துப் பொதுவில் வைத்ததும் அவர்தான், நான் வாய்கிழியப் பேசுவதே அதைத் தோண்டியதால்தான். உங்கள் கவுண்டியில் அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். எத்தனை கேஸ் வந்தது, எத்தனையை ஏற்றார்கள், ஏற்றதில் எத்தனை பாதியில் விழுந்தது, ஒன்று முடிய எத்தனை நாள். இது எதுவும் வெளியே வைக்காத ஆபீஸ் என்றால் அதுவே பாதி பதில்.

எடிசன்வாசி:

எங்கள் நியூஜெர்சியில் இந்த ஓட்டுத் தலைவலியே இல்லை. 21 கவுண்டிக்கும் பிராசிகியூட்டரை கவர்னர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும், ஐந்து வருடம். தெருத்தெருவாகப் போஸ்டர் கிடையாது. ஆனால் கோபம் வந்தால் காட்ட வழியும் கிடையாது, மிளகாய்ப்பொடிக்கு ஒத்துவராது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கும். 2017 ஜனவரி 1 முதல் இங்கே பணம் கட்டி ஜாமீன் என்பது கிட்டத்தட்ட போய்விட்டது. ஆளை உள்ளேயே வைக்க வேண்டும் என்றால் பிராசிகியூட்டர் மனு போட்டு ஜட்ஜிடம் வாதாட வேண்டும். உள்ளே வைத்துவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், 90 நாளில் கிராண்ட் ஜூரி (வழக்கு நடத்தலாமா என்று முடிவுசெய்கிற பொதுமக்கள் குழு), அதிலிருந்து 180 நாளில் விசாரணை. நீட்டிக்க விதிவிலக்குகள் உண்டுதான், இருந்தாலும் கெடு என்று ஒன்று இருக்கிறது. கிராண்ட் ஜூரியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். 23 பேர் வரை, 12 பேர் கை தூக்கினால் குற்றச்சாட்டு தயார். அரசு வக்கீல் மட்டும்தான் பேசுவார், எதிர்த்தரப்பு வக்கீல் அறைக்குள்ளேயே கிடையாது. எங்கள் அரசு வக்கீல் ஒரு கேஸில் அவராகவே, இதில் அடையாளம் காட்டியவர் முதலில் வேறு ஆளைக் காட்டினார் என்றும் சொன்னார். யாரும் கேட்கவில்லை, சொல்லாமல் போயிருக்கலாம். நாங்கள் அந்தக் கேஸுக்குக் கை தூக்கவில்லை. எந்தக் கணக்கில் அது அவருக்குத் தோல்வி என்று எழுதியிருப்பார்களோ தெரியாது, நான் மார்க் போட்டால் முழு மார்க்.

காசுமாலை:

எல்லோருக்கும் நன்றி. கைரேகை இல்லை அக்கா, கதவில் கையுறைத் தடம்தான் என்றார்கள். கோபம் பாதி குறைந்துவிட்டது, மீதி பாதி இருக்கிறது. ஆனாலும் பேரம் என்றாலே தோற்றுப்போனது போலத்தான் மனசுக்குப் படுகிறது. நஷ்டஈடு என்று எழுதியிருப்பது உண்மையில் கைக்கு வருமா? இன்ஷூரன்ஸ்காரன் நகைக்கு 1,500 டாலர்தான் வரம்பு என்று கையை விரித்துவிட்டான்.

கணக்குப்பிள்ளை:

பேரம் எல்லாம் தோல்வி இல்லை. சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியில் 2003இல் பிராசிகியூட்டராக இருந்த நார்ம் மாலெங், கேரி ரிட்ஜ்வே என்ற தொடர் கொலைகாரனுக்கு மரண தண்டனை கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டார். பதிலுக்கு அவன் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான், உடல்களைப் போட்ட இடங்களைக் காட்டினான். மரண தண்டனைதான் வேண்டும் என்றவர்கள் திட்டினார்கள். இருபது வருடமாகப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் கேஸை அதோடு ஒப்பிடவில்லை, பதிலுக்கு என்ன வாங்கினார்கள் என்றுதான் கேட்க வேண்டும் என்கிறேன்.

துபாஷி:

1,500 வரம்பு வழக்கமான ஹோம் பாலிசி பலவற்றில் இருப்பதுதான், நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். நஷ்டஈடு முழுதாக வரும் என்று ஆசை காட்ட மாட்டேன், மாதம் ஐம்பது நூறு என்று வரும், நின்றும் போகும். ஆனால் உத்தரவில் எந்தத் தொகை ஏறுகிறதோ அதுதான் பேச்சு, அதனால் ஜட்ஜ் ஒப்புக்கொள்ளும் முன்பே காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள். அட்வகேட் (வக்கீல் இல்லை, நான் முதலில் சொன்ன, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்கிற ஆள்) என்று அந்தக் கடிதத்தின் கீழே ஒரு பெயர் இருக்கும், அவரைக் கூப்பிட்டு மூன்று கேளுங்கள். போன நகை முழுவதுக்கும் நஷ்டஈடா, பிடிபட்ட வளையலுக்கு மட்டுமா? அடகுக் கடையில் கைப்பற்றிய வளையல் எப்போது திரும்ப வரும்? தீர்ப்புக்கு முன்னால் நான் பேசலாமா? கடைசியதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமை உண்டு, கேட்காவிட்டால் பல இடத்தில் தானாக யாரும் கூப்பிடுவதில்லை. பாட்டி நகைக்கு பில் இருக்காது, தெரியும். போட்டோ இருக்கிறதா?

காசுமாலை:

கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. மனைவி கழுத்தில் காசுமாலை, ஒவ்வொரு காசும் எண்ணுகிற அளவுக்கு குளோஸப். அந்த போட்டோகிராபரைத் திட்டிக்கொண்டே இருந்தோம், முகத்தை விட்டுவிட்டு நகையைத்தான் எடுத்திருக்கிறான் என்று. இன்று ராத்திரியே ஸ்கேன் செய்து, எடையைப் பாட்டியின் தங்கையிடம் போனில் கேட்டு எழுதி அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை கோர்ட். இந்தத் தடவை போவதற்கு முன்னால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் லீவு போடுவேன்.