லேப்டாப்பை இணைத்ததும் குரூவ்பாக்ஸில் இரைச்சல், இரட்டை வேகம்: உதவி தேவை

கேள்வி

வணக்கம். கோவையில் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு குரூவ்பாக்ஸ்களை (தாள, இசை வரிசைகளை அமைத்து ஓட்டும் மின்னணுப் பெட்டிகளை) வைத்து மின்னணு இசை செய்து பழகி வருகிறேன். ஒன்று டிரம் ஒலிகளுக்கானது, மற்றொன்று பேஸ், சிந்த் ஒலிகளுக்கானது. டிரம் பெட்டியின் மிடி அவுட்டிலிருந்து சிந்த் பெட்டியின் மிடி இன்னுக்கு 5 முள் கேபிள் போகிறது (மிடி என்பது ஒலியை அல்ல, ஸ்வரம், வேகம் பற்றிய செய்திகளைக் கருவிகளுக்கிடையே அனுப்பும் முறை). இரண்டின் ஒலியும் ஒரு சிறிய மிக்ஸருக்குள் வந்து, அங்கிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்பில் பதிவாகிறது. ஆறு மாதமாக இதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

சென்ற வாரம், சிந்த் பெட்டியில் நான் வாசிக்கும் ஸ்வரங்களையும் மிடியாகப் பதிவு செய்யலாம் என்று நினைத்து, அதை யூஎஸ்பி கேபிளால் நேரடியாக லேப்டாப்புடன் இணைத்தேன். இணைத்த நொடியே ஸ்பீக்கரில் ஒரே சுருதியில் நிற்கும் மெல்லிய சீழ்க்கை ஒன்றும், அதற்கு அடியில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் அருகே நின்றால் கேட்பது போன்ற ரீங்காரமும் எழுந்தன. மௌஸை நகர்த்தினால் சீழ்க்கையின் மேல் ஒரு கரகரப்பு ஏறிக்கொள்கிறது.

இரண்டாவது சிக்கல் வேகத்தில். பதிவு மென்பொருளிலும் டிரம் பெட்டியிலும் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) வைத்து இரண்டையும் ஓடவிட்டால், சிந்த் பெட்டியின் திரை 238, 241, 239 என்று நிலையில்லாமல் தாவுகிறது, பேஸ் பாட்டர்ன் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடி முடிகிறது. அதோடு, நான் கீயை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்வரமும் குழாய்க்குள் பேசியது போல் வெறுமையாக ஒலிக்கிறது. எட்டுக் குரல் கொண்ட (ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரங்களை ஒலிக்கக்கூடிய) கருவியில், நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டை இரண்டாம் முறை அழுத்தும்போதே முதல் கார்டு அறுந்துபோகிறது.

கேபிளை மாற்றினேன், வேறு யூஎஸ்பி துளையில் செருகினேன், ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், ஃபேக்டரி ரீசெட்டும் செய்துவிட்டேன். எதிலும் பயனில்லை. பெட்டி பழுதாகிவிட்டதா? இரண்டு ஆண்டு சேமிப்பில் வாங்கியது என்பதால் மிகவும் கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1

எனக்கும் இதே ரீங்காரம் இருந்தது. லேப்டாப் சார்ஜரின் மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் செருகினேன், சத்தம் அடியோடு நின்றுவிட்டது. நீங்களும் முயன்று பாருங்கள்.

மறுமொழி 2

அன்பு கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். பதினைந்து ஆண்டுகளாக விழாக்களுக்கு மைக்செட் அமைத்து வருபவன் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். நம் பிளக்கில் எர்த் முள் மற்ற இரண்டையும் விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம், மின்சாரம் வருவதற்கு முன்பே அது முதலில் தொட வேண்டும் என்பதுதான். அதை மறைத்துவிட்டால், சார்ஜருக்குள் என்றோ ஒரு நாள் பழுது ஏற்படும்போது 230 வோல்ட் பாய்வதற்கு உங்கள் கையைத் தவிர வேறு வழி இருக்காது. மிக்ஸரின் உலோகப் பெட்டியும் ஆடியோ கேபிளின் பின்னலும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மேடையில் மைக்கைத் தொட்டவர் அதிர்ந்து விழுந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். முதல் மறுமொழி எழுதிய நண்பரும் இன்றே அந்த டேப்பை அகற்றிவிட வேண்டுகிறேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் பெட்டி பழுதாகவில்லை என்றே நம்புகிறேன். கேட்ட ஒலிகளை நீங்கள் பிரித்து எழுதியிருப்பது பெரிய உதவி. கீழே இருக்கும் ரீங்காரம் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். சீழ்க்கை, யூஎஸ்பி வழியே ஒவ்வொரு மில்லி நொடிக்கும் தகவல் பொதி கிளம்புவதால் எழும் 1000 ஹெர்ட்ஸ் ஒலியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வழியில்தான் உள்ளே வருகின்றன. மிக்ஸரின் எர்த், ஆடியோ கேபிளின் பின்னல், சிந்த் பெட்டி, யூஎஸ்பியின் கிரவுண்டு கம்பி, லேப்டாப், சார்ஜரின் எர்த் என்று ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டத்தை, பேலன்ஸ்டு (ஒலியை இரண்டு கம்பிகளில் கொண்டுபோய், வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் வகை) அல்லாத உங்கள் ஆடியோ கேபிள் இசையோடு சேர்த்து மிக்ஸருக்குள் கொண்டுபோகிறது. மிக்ஸருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையில் இதுவரை இரைச்சல் வராதது, அங்கே பேலன்ஸ்டு கேபிள் போட்டிருப்பதால் இருக்கலாம்.

இரண்டு சோதனைகளைச் செய்து எழுதுங்கள். முதலில், மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, சார்ஜரை மட்டும் கழற்றி லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டுக் கேளுங்கள். பிறகு சார்ஜரை மாட்டிவிட்டு, சிந்த் பெட்டியின் ஆடியோ கேபிளை மிக்ஸரிலிருந்து எடுத்து, அந்தப் பெட்டியின் ஹெட்போன் துளையில் கேளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. பேட்டரியில் ஓடவிட்டதும் ரீங்காரமும் சீழ்க்கையும் ஒரே நேரத்தில் மறைந்தன. சார்ஜர் பிளக்கை மீண்டும் செருகிய கணத்திலேயே திரும்ப வந்தன. ஹெட்போனில் எந்த இரைச்சலும் இல்லை. மிக்ஸரிலிருந்து இன்டர்ஃபேஸுக்குப் போவது நீங்கள் சொன்னபடி பேலன்ஸ்டு கேபிள்தான். அப்படியானால் சிந்த் பெட்டியின் அவுட்டில் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு பக்கமும் கம்பித் தொடர்பின்றி ஒலியை மட்டும் கடத்துவது) வாங்கிப் போடலாமா? ஆனால் வேகச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

மறுமொழி 3

வேகச் சிக்கலைப் பற்றி நான் எழுதுகிறேன். மிடி கிளாக் என்பது '120' என்ற எண்ணை அனுப்புவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு கால் ஸ்வரத்துக்கு, அதாவது ஓர் அடிக்கு, 24 துடிப்புகளை மட்டும் அது அனுப்புகிறது. 120 பிபிஎம் என்றால் நொடிக்கு 48 துடிப்புகள், அதாவது ஏறத்தாழ 20.8 மில்லி நொடிக்கு ஒன்று. வாங்கும் கருவிதான் அவற்றை எண்ணித் தன் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. உங்கள் சிந்த் பெட்டிக்கு 5 முள் கேபிள் வழியே டிரம் பெட்டியின் 48 துடிப்புகளும், யூஎஸ்பி வழியே மென்பொருளின் 48 துடிப்புகளும் வந்து சேர்கின்றன. பாவம், அது 96 என்று எண்ணி 240 என முடிவு செய்கிறது. இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று இசையாமல் நெருங்கியும் விலகியும் வருவதால்தான் எண் தாவுகிறது.

குழாய்க்குள் பேசியது போன்ற ஒலிக்குக் காரணம் வேறு. நீங்கள் அழுத்தும் ஸ்வரம் பெட்டிக்குள் ஒரு முறை ஒலிக்கிறது. அதே ஸ்வரம் லேப்டாப்புக்குப் போய், அங்கே மானிட்டர் (உள்ளே வருவதை உடனே திருப்பி அனுப்பும் வசதி) திறந்திருக்கும் டிராக் வழியாகத் திரும்பி வந்து, சில மில்லி நொடி தாமதித்து மறுபடியும் ஒலிக்கிறது. நான்கு ஸ்வரங்களுக்கு எட்டுக் குரல்களும் தீர்ந்துபோவது அதனால்தான். அந்த டிராக்கின் மிடி மானிட்டரை மூடிவிட்டால் போதும்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் முன் சற்றுப் பொறுங்கள். விலை குறைந்த சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் தாழ்ந்த ஒலிகளில் திணறும். உங்கள் பேஸின் கனம்தான் முதலில் போகும். உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் பின்புறத்தில் 5 முள் மிடி துளைகள் இருக்கின்றனவா?

கேட்டவர்

இருக்கின்றன. ஓர் இன், ஓர் அவுட். இதுவரை நான் அவற்றைத் தொட்டதே இல்லை.

மறுமொழி 3

அப்படியானால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, கூடுதலாக இரண்டு 5 முள் கேபிள்கள் மட்டும் போதும். சிந்த் பெட்டியின் யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். இன்டர்ஃபேஸின் மிடி அவுட்டிலிருந்து டிரம் பெட்டியின் மிடி இன்னுக்கு ஒரு கேபிள் போடுங்கள். டிரம் பெட்டியிலிருந்து சிந்த் பெட்டிக்குப் போகும் பழைய கேபிள் அப்படியே இருக்கட்டும். டிரம் பெட்டியின் ஒத்திசைவு அமைப்பில் கிளாக்கை வெளியிலிருந்து வாங்குவதையும், வெளியே அனுப்புவதையும் இயக்கிவிடுங்கள். சிந்த் பெட்டியில் யூஎஸ்பி கிளாக்கை அணைத்துவிடுங்கள். ஸ்வரங்களைப் பதிவு செய்ய, சிந்த் பெட்டியின் மிடி அவுட்டை இன்டர்ஃபேஸின் மிடி இன்னில் செருகுங்கள்.

இதனால் கிளாக் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறது. இரைச்சலும் இதிலேயே தீரும். 1983இல் மிடியை வகுத்தவர்கள், வாங்கும் பக்கத்தில் ஆப்டோகப்ளர் வைத்து, செய்தி ஒளியாகத்தான் உள்ளே தாவ வேண்டும் என்று விதித்தார்கள். கேபிளின் நடு முள்ளான கிரவுண்டு, அனுப்பும் பக்கத்தில் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். கம்பி வழியே இரு கருவிகளின் எர்த்தும் தொட்டுக்கொள்வதே இல்லை. யூஎஸ்பியில் அந்தத் தடுப்பு கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான இந்தக் கனத்த பிளக்கை நான் இன்னும் விரும்பிப் பயன்படுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

கேட்டவர்

நேற்றிரவு அப்படியே மாற்றினேன். சார்ஜர் மாட்டியிருக்கும்போதே மிக்ஸரை முழுவதும் திருகிக் கேட்டேன், மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. சிந்த் பெட்டியின் திரையில் 120 அசையாமல் நிற்கிறது, கார்டுகளும் அறுவதில்லை. இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒன்றே ஒன்று மட்டும்: பதிவான கிக் (பெரிய டிரம்) ஒலி மென்பொருளின் தாளக் கட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி விழுகிறது.

மறுமொழி 3

கிக்குக்குப் பதில் ரிம்ஷாட் போன்ற கூர்மையான ஒலியைப் பதினாறு அடிகள் பதிவு செய்து, ஒவ்வோர் அடியும் கட்டத்தின் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்து பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் அது ஒலி போய் வரும் தாமதம்தான். மென்பொருளின் மிடி ஒத்திசைவு அமைப்பில் கிளாக்கை அந்த அளவு முன்கூட்டியே அனுப்பும்படி செய்துவிடலாம். அடிக்கு அடி பெரிதாக மாறினால், எண்களை இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

அளந்துவிட்டேன். பதினாறு அடிகளிலும் 13 முதல் 14 மில்லி நொடிக்குள்தான் இருந்தது. கிளாக்கை 14 மில்லி நொடி முன்னே தள்ளினேன். இப்போது ரிம்ஷாட்டின் முனை கட்டத்தின் கோட்டிலேயே நிற்கிறது.

மறுமொழி 1

நானும் டேப்பை எடுத்துவிட்டேன். என் இன்டர்ஃபேஸில் மிடி துளை இல்லாததால், 5 முள் கேபிள் கொண்ட தனி மிடி இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கவிருக்கிறேன்.