சுகம் கிடைக்காதபோது சபையில் கேட்ட வார்த்தை: உங்கள் அனுபவம்

கடுகுவிதை:
அக்காவுக்குப் புற்றுநோய், கீமோ பாதியில் இருந்தது. சாட்சி நேரத்தில் பாஸ்டர் திடீரென்று பேர் சொல்லி முன்னே கூப்பிட்டார். மைக்கைக் கையில் கொடுத்து, "கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டார்னு வாயால அறிக்கை பண்ணும்மா, அப்பத்தான் நடக்கும்" என்றார். அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, "எனக்கு இன்னும் வலிக்குது. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்றாள். அவ்வளவுதான், மைக் கைமாறியது, கீபோர்டு ஆரம்பித்தது, அடுத்த பாட்டு. அவள் இறங்கி வரும்போது முன்வரிசையில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கேட்டது ஜெபம் மட்டும். அதையும் அன்றைக்கு யாரும் செய்யவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சூரைச்செடி:
எனக்கு மனச்சோர்வு, மருந்து எடுக்கிறேன். வீடு சந்திக்க வந்த ஒரு மூப்பர் மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையா நம்புறே?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அது இன்னும் காதில் நிற்கிறது. சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. சாப்பிடக் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). அதைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

பழைய மூப்பர்:
வாசிக்க வேதனையாக இருக்கிறது. ஆனால் இப்படியே போனால் அற்புதமே கிடையாது என்று முடித்துவிடுவீர்கள் போல. என் மகன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். சபை இரவெல்லாம் ஜெபித்தது. விடியும்போது "அப்பா" என்றான். இதை நான் எப்படி மறுப்பேன்? வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைத்து ஜெபிக்கச் சொல்லட்டும் என்கிற யாக்கோபு 5:14 வேதத்தில் இருக்கத்தானே செய்கிறது.

வியாதியஸ்தரைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் "ஜெபிக்கலாமா" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை. பவுலே தீமோத்தேயுவை வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார், துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார், கூடவே இருந்த லூக்கா வைத்தியர். "என்ன பாவம் செய்தீர்கள்" என்று தோண்டாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நல்ல காரியம். சத்தத்தைக் குறையுங்கள், பக்கத்துக் கட்டிலிலும் நோயாளி இருக்கிறார். போட்டோ எடுக்காதீர்கள். கடுகுவிதை, அக்காவை வேறு சபைக்காவது கூட்டிப்போங்கள், வீட்டோடு இருக்க விட்டுவிடாதீர்கள்.

இரவுப்பணி:
மூப்பர் ஐயா, 14-ஐ 15-ஆம் வசனத்தோடு சேர்த்துப் படியுங்கள். பிணியாளியை இரட்சிப்பது விசுவாசமுள்ள ஜெபம். அங்கே ஜெபிக்கிறவர்கள் மூப்பர்கள். அப்புறம் சுகம் வராவிட்டால் "உனக்கு விசுவாசம் போதாது" என்று படுத்திருப்பவரிடம் எப்படிச் சொல்ல முடியும்? வாயால் அறிக்கை செய்தால் வசமாகும் என்பது இ. டபிள்யூ. கென்யன், கென்னத் ஹேகின் போன்றவர்கள் வழியாக 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து பரவிய போதனை. யாக்கோபு அப்படி எழுதவில்லை.

நான் வலி தணிப்புப் பிரிவில் நர்ஸ். சபையார் வருகிறார்கள் என்றதும் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "சிஸ்டர், அவங்க வர்றதுக்குள்ள இந்த மார்ஃபின் வலிமருந்து பம்பைப் போர்வைக்குள்ள மறைச்சிடுங்க" என்றார். மறைத்தேன். அவர்கள் பாடி முடித்துப் போகும்வரை அந்த அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

அற்புதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் கத்தோலிக்கர். பிரான்சின் லூர்து திருத்தலத்தில் பதிவான சுமார் 7,000 குணமடைதல்களில் எங்கள் திருச்சபை அற்புதம் என்று ஏற்றது 70-ஐச் சற்றே தாண்டும். அதுவும் வருடக்கணக்கில் மருத்துவர்கள் ஆராய்ந்த பிறகுதான்.

அணையாவிளக்கு:
வருடக்கணக்கா? எங்கள் சபையில் அடுத்த ஸ்கேன் எடுக்கும் முன்பே அப்பாவின் சாட்சி யூடியூப்பில் ஏறிவிட்டது. அப்பா இறந்துவிட்டார். வீடியோ இன்னும் இருக்கிறது. "பூரண சுகம்" என்று தலைப்பு, கீழே இன்றைக்கும் யாராவது "ஆமென்" போடுகிறார்கள். ஒரு தாய், தன் மகனுக்கும் இதே நோய், இந்த ஐயாவைப் பார்த்துத் தைரியம் வந்தது என்று எழுதியிருந்தார். நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். எடுத்துவிடுங்கள் என்று ஊழியத்தில் கேட்டால், "அதனால் பல ஆத்துமாக்கள் ஆதாயமாகிறார்கள்" என்கிறார்கள்.

பழைய மூப்பர்:
அது தவறு. அவர்கள் எடுக்காவிட்டால் யூடியூப்பிலேயே தனியுரிமைப் புகார் கொடுங்கள். இறந்தவருக்காக நெருங்கிய குடும்பத்தார் கொடுக்கலாம்.

அணையாவிளக்கு:
நன்றி ஐயா, அந்த வழி தெரியும். புகாரில் போனால் வீடியோ மட்டும்தான் போகும். சபையே அதை எடுக்க வேண்டும், அப்பா இறந்துவிட்டார் என்று அதே மேடையிலிருந்து சொல்ல வேண்டும், அந்தத் தாய்க்கும் அவர்களே எழுத வேண்டும். அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.