கீழ்ப்பிரிவு சுமோ வீரர்களைத் தவறவிடாமல் பார்ப்பது எப்படி?

நண்பர்களே, வணக்கம். கீழ்ப்பிரிவுகளான மகுஷிதாவில் இருவர், சான்தான்மேயில் ஒருவர், ஜோனிதானில் மூவர் என்று ஆறு சுமோ வீரர்களை ஒவ்வொரு பாஷோவிலும் (15 நாள் போட்டித் தொடர்) ஆசையாகக் கவனித்து வருகிறேன். மேல்பிரிவுக்காரர்கள் 15 நாளும் மோதுவதால் தேடவே வேண்டாம். இவர்களுக்கோ மொத்தம் 7 ஆட்டம்தான். எந்த நாளில் என்று அட்டவணை வந்தால்தான் தெரியும். பெரும்பாலும் ஒரே வெற்றிக் கணக்கு உள்ளவர்களை மோதவிடுவதால் எதிராளியையும் முன்கூட்டியே ஊகிக்க முடிவதில்லை.

போன பாஷோவில் என் ஜோனிதான் பையன் ஒருவன் 3-3 (மூன்று வெற்றி, மூன்று தோல்வி) என்று நின்றான். கருப்புப் பருத்தி மவாஷி (இடுப்புக் கச்சை), கலைந்த கொண்டை, முழங்காலில் கட்டு. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தரவரிசையில் ஏறலாம். நாளைத் தப்பாகக் குறித்து வைத்ததால் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. தெருனொஃபுஜி என்ற வீரர் 2019 மார்ச்சில் ஜோனிதானிலிருந்துதான் திரும்ப ஏறத் தொடங்கி 2021-இல் யோகோசுனா (சுமோவின் மிக உயர்ந்த நிலை) ஆனார். அதனால் அங்கே நடக்கும் எந்த ஆட்டமும் எனக்குச் சின்னது இல்லை.

நீங்கள் எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? நோட்டிலா, எக்செலிலா? பெயர்களை ஜப்பானிய எழுத்தில் அடையாளம் கண்டுகொள்ள ஏதாவது எளிய வழி இருக்கிறதா? அடுத்த பாஷோவுக்குள் கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.